பேரிங் சொல்லும் கணக்கு

மதுரைக்குத் தெற்கே பல் மருத்துவக் கருவி வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டால், கம்பெனிப் பிரதிநிதிகள் இந்த வருடம் எத்தனை சேர் இறங்கியது என்றுதான் ஆரம்பிப்பார்கள். சேர் என்றால் நோயாளி சாய்ந்து படுக்கும் நாற்காலி மட்டுமில்லை. தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் எச்சில் துப்பும் தொட்டி, டாக்டர் கைக்கெட்டும் டெலிவரி யூனிட் எல்லாம் சேர்ந்த முழு செட். நானும் சேர் விற்கிறேன். ஆனால் என் வீட்டில் அடுப்பு எரிவது ரிப்பேரால். அதனால் நான் பார்க்கும் கணக்கே வேறு. எந்த ஊரிலிருந்து எத்தனை ஏரோட்டர் பேரிங் மாற்ற வருகிறது என்று பார்ப்பேன். விற்ற சேர் உண்மையில் ஓடுகிறதா, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறதா என்பது பில் புத்தகத்தில் தெரியாது. பேரிங்கில் தெரிந்துவிடும்.

பல்லைக் குடையும்போது கீச்சென்று காதைத் துளைக்கிறதே, அதுதான் ஏரோட்டர். 1957-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் போர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த காற்றுச் சுழலியின் வழிவந்தது. ஹோஸ் இணைப்பில் இரண்டு துளை வகைக்கு இன்றும் போர்டன் பெயர்தான். தலையின் பின்மூடியைச் சாவியால் திருகித் திறந்து, வெட்டும் முனையான பர் செருகும் பக்கத்திலிருந்து பதமாக அழுத்தினால் கார்ட்ரிட்ஜ் கையில் வந்து விழும். நடுவில் காற்று தள்ளும் சின்னச் சக்கரம். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங். அவற்றைச் சுற்றி ரப்பர் ஓ-ரிங். பேரிங்கின் உள்விட்டம் 3.175 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 6.35 மில்லிமீட்டர். அதற்குள் இருக்கும் குண்டுகளைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். இந்தச் சாமான் நிமிடத்துக்கு மூன்று லட்சத்திலிருந்து நான்கு லட்சம் முறை சுழல வேண்டும். அதுவும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு, எச்சிலுக்கும் எனாமல் தூளுக்கும் நடுவில். அந்தப் பேரிங் ஒரு வருடம் உழைத்தால் அந்த கிளினிக்கில் கருவியை மதிக்கிறார்கள் என்று அர்த்தம்.

கழற்றிய பேரிங்கை வெள்ளைத் துணியில் வைத்து லென்ஸில் பார்ப்பது என் வழக்கம். குண்டுகளைப் பிரித்துப் பிடிக்கும் கேஜ் நார்நாராகப் பிய்ந்திருந்தால், காற்றழுத்தம் கூடுதலாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான ஏரோட்டருக்கு இரண்டரை பார் அழுத்தம் போதும். பல் சீக்கிரம் வெட்ட வேண்டும் என்று நான்குக்கு ஏற்றிவிடுவார்கள். கறுப்புக் களிம்பு ஒட்டியிருந்தால், எண்ணெய் விடாமலோ பழைய எண்ணெயைத் துடைக்காமலோ, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போட்டிருக்கிறார்கள். பழுப்புத் துரு இருந்தால் குற்றம் ஏரோட்டரில் இல்லை, அதற்குக் காற்று தரும் கம்ப்ரஸரில் இருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு டாக்டர் கோபமாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, நீங்க போட்ட பேரிங் மூணு மாசம்கூட வரலையே?”

“கம்ப்ரஸர்ல தண்ணி எப்ப வடிச்சீங்க டாக்டர்?”

“காத்து டேங்க்ல தண்ணி எப்படிண்ணே வரும்?”

நேரில் போய் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்தேன். துருக்கலங்கலாகத் தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. அசிஸ்டென்ட் பெண் ஓடிப்போய் இரண்டாவது மக்கை எடுத்து வந்தாள். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அந்தக் காற்றை அழுத்தி டேங்கில் அடைத்தால் ஈரம் தண்ணீராகப் பிரிந்து அடியில் தங்கும். சாயங்காலம் கிளினிக் மூடும்போது வால்வைத் திறந்துவிட்டுப் போனால் போதும், காசு செலவில்லை. அதைச் செய்யாதவர்கள் இருப்பதால்தான் கடலோர ஊர்களில் ஏர் ட்ரையர் வைத்த கம்ப்ரஸருக்குக் கிராக்கி கூடிக்கொண்டு வருகிறது. வளர்ச்சி என்று கம்பெனி அறிக்கையில் வருவதில் ஒரு பங்கு, வடிக்காத தண்ணீர்தான்.

முன்பெல்லாம் பேரிங் வேலை மாவட்டத் தலைநகரங்களிலிருந்து மட்டும்தான் வரும். திருநெல்வேலி, நாகர்கோவில், விருதுநகர், கொஞ்சம் ராமநாதபுரம். இப்போது பார்சலைப் பிரித்தால் சங்கரன்கோவில், கோவில்பட்டி, கம்பம், பரமக்குடி, அருப்புக்கோட்டை என்று வருகிறது. தென்காசி 2019-இல் தனி மாவட்டமாவதற்கு முன்பே எங்கள் கணக்கில் தனி ஊராகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டம் எப்போதுமே தனி ரகம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் ஒரே தெருவில் இரண்டு மூன்று பல் கிளினிக் போர்டு இருக்கும். கேரளத்தின் பழக்கம் பாதி, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் பல் வேலையை இங்கேயே முடித்துக்கொண்டு போவது பாதி.

இத்தனை டாக்டர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-இல் தொடங்கியது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா கல்லூரி 1980-இல். அதற்குப் பிறகு எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்துத் தனியார் கல்லூரிகள் வரிசையாக வந்தன. 2023-இல் புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரி திறந்தார்கள். 7,500 பேருக்கு ஒரு பல் மருத்துவர் என்ற விகிதத்தை மேடைக்கு மேடை மேற்கோள் காட்டுவார்கள். மாநிலம் முழுக்க வகுத்துப் பார்த்து அதைத் தாண்டிவிட்டோம் என்று பெருமைப்படலாம். ஆனால் பி.டி.எஸ். முடித்தவர்கள் பஸ் ஸ்டாண்டை ஒட்டித்தான் கிளினிக் போடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் பல்வலிக்கு இன்னமும் கிராம்புதான்.

புதுக் கிளினிக் திறப்பை வைத்துச் சந்தையை அளப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். முதல் சேரைப் பார்க்காதீர்கள், இரண்டாவது சேரைப் பாருங்கள். முதல் சேர் அப்பாவின் ரிடையர்மென்ட் பணத்திலோ நகைக்கடனிலோ வருகிறது. அது நம்பிக்கையில் வாங்குவது. இரண்டாவதை யாரும் நம்பிக்கையில் வாங்குவதில்லை. சின்ன ஊரில் அந்த இரண்டாவது சேர் பெரும்பாலும் கிளினிக் டாக்டருக்கு இல்லை, கன்சல்டன்ட்டுக்கு. செவ்வாய்க்கிழமை கம்பி போடுகிற ஆர்த்தோ டாக்டர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவார். வியாழக்கிழமை கடைவாய்ப்பல் எடுக்கிற சர்ஜன் வருவார். அவர் வந்து உட்காரும்போது உள்ளூர் டாக்டரின் நோயாளி எழுந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டாவது சேர். ஒரு ஊரில் இரண்டாவது சேர் போகத் தொடங்கினால் அந்த ஊரில் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டாக் வைக்கலாம் என்று நான் முடிவு செய்வேன். இதுவரை அந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை.

மாதக் கணக்கும் உண்டு. ஆடியில் சேர் போகாது, மார்கழியில் யாரும் கிளினிக் திறக்க மாட்டார்கள். டெல்லியிலிருந்து கூப்பிட்டு ஜூலை மாத டார்கெட் ஏன் விழுந்தது என்று கேட்கும் மேனேஜருக்கு இதை விளக்கி விளக்கி அலுத்துவிட்டது. ஆவணியிலும் தையிலும் மூச்சு விட நேரமிருக்காது. ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் கம்பி போடும் பிள்ளைகள் கூட்டம், அப்போது பிரேஸ் சாமான்கள் பறக்கும். ஆனால் ரிப்பேருக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை.

சேரைப் பற்றிக் கொஞ்சம். முன்பு ஹைட்ராலிக் சேர்கள், எண்ணெய் கசியும், பம்ப் இரையும். ஆனால் பத்துப் பதினைந்து வருடம் அசையாது. இப்போது 24 வோல்ட் மோட்டாரும் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் சத்தமில்லை, டாக்டர்களுக்குப் பிடிக்கிறது. பெங்களூரில் செய்வதும் வருகிறது, சீனாவின் ஃபோஷான் நகரிலிருந்து கன்டெய்னரில் வருவதும் வருகிறது. இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்களிடம் போர்டு எங்கே கிடைக்கும் என்று திருப்பிக் கேட்பேன். இடி இடித்த மறுநாள், போர்டு போய்விட்டது என்று என் போன் ஓயாது. எலிக்கு வேறு, சேருக்குத் தரைக்கடியில் போகும் பி.யூ. பிளாஸ்டிக் ட்யூப் மீது தீராத ஆசை. ஒருமுறை இறக்குமதியாளர் ஒருவர் அனுப்பிய சேருக்குப் போர்டு கேட்டபோது, அந்த மாடலையே நிறுத்திவிட்டோம், புது சேர் தள்ளுபடியில் தருகிறோம் என்று பதில் வந்தது. சேர் வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன், பழைய கீபோர்டு ரிப்பேர் செய்கிறவன், போர்டைக் கழற்றிப் பார்த்து ஒரு ரிலேவை மாற்றி ஓட வைத்தான். அந்த சேர் இன்னும் ஓடுகிறது.

மின்சாரம் சந்தையை எப்படித் திருப்பும் என்பதற்கு 2012 நல்ல உதாரணம். சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. சேர் வாங்க வைத்திருந்த பணத்தில் டாக்டர்கள் இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் வாங்கினார்கள். விளக்குக்கும் சேர் மோட்டாருக்கும் இன்வெர்ட்டர் போதும். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் இழுக்கும் கரண்டை அது தாங்காது. அந்த வருடம் நான் அதிகம் விற்றது பெரிய டேங்க். கணக்கு எளிது. 100 லிட்டர் டேங்கில் 7 பார் வரை ஏற்றி வைத்தால், 4 பாருக்கு இறங்கும் வரை ஏறக்குறைய 300 லிட்டர் காற்று கிடைக்கும். ஏரோட்டருக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தாலும் ஏழு நிமிடத்துக்கு மேல் விடாமல் வெட்டலாம். டாக்டர் எங்கே விடாமல் வெட்டுகிறார்? இரண்டு விநாடி வெட்டுவார், பார்ப்பார், துப்பச் சொல்வார். ஆக ஒரு நோயாளியை முடித்து அனுப்ப அது தாராளம். கரண்ட் ஒழுங்கான பிறகு பெரிய டேங்கை யாரும் கேட்பதில்லை. இப்போது கேட்பது சத்தமில்லாத கம்ப்ரஸர். வீட்டு முன்னறையைக் கிளினிக்காக மாற்றுபவர்கள் பெருகிவிட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

கொரோனா வந்தபோது பல் மருத்துவம் முடங்கியது. ஏரோட்டர் தெளிக்கும் நீர்த்திவலைதான் பயம். 2020 கடைசியில் வாய்க்கு வெளியே வைத்து உறிஞ்சும் பெரிய சக்ஷன் எந்திரங்கள், புகை போடும் எந்திரங்கள் என்று என்னென்னவோ விற்றன. அவற்றில் பாதி இன்று மொட்டை மாடியில் இருக்கிறது. நிலைத்து நின்றது ஆட்டோகிளேவ். குக்கர் டைப் ஆட்டோகிளேவை மாற்றி, முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு 134 டிகிரியில் நீராவி ஏற்றும் கிளாஸ் பி எந்திரம் வாங்கினார்கள். ஏரோட்டர் உள்ளே குழாய் குழாயாக இருக்கிற கருவி. உள்ளே அடைபட்ட காற்றை எடுக்காவிட்டால் நீராவி போய்ச் சேராது. அதனால் இந்த மாற்றம் நியாயமானதுதான், வேண்டியதுதான்.

இதன் விளைவு எங்கே வந்து நின்றது தெரியுமா? மறுபடியும் பேரிங்கில். முன்பு ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு அடுத்த நோயாளிக்கு எடுத்த ஏரோட்டர், இப்போது நாளுக்கு இரண்டு மூன்று முறை 134 டிகிரிக்குள் போய் வருகிறது. ஓ-ரிங் இறுகுகிறது, எண்ணெய் கரிகிறது, கேஜ் தளர்கிறது. ஒரு சேருக்கு ஒரு ஏரோட்டர் என்று இருந்தவர்கள் நான்கு ஐந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆக, சேர் எண்ணிக்கை கூடாத ஊரிலும் ஏரோட்டர் விற்பனை கூடியது. சேரை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஆட்டோகிளேவ் வாங்கிய ஒரு டாக்டரிடமிருந்து பேரிங் வேலை வரவில்லை என்றால் அந்த ஆட்டோகிளேவ் ரிசப்ஷனில் காட்சிக்கு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்ல மாட்டேன். என் பல்லைக் காட்ட மட்டும் அங்கே போக மாட்டேன்.

எக்ஸ்ரேயில் நடந்த மாற்றம் இதைவிட வேகம். பிலிமைக் கறுப்புப் பெட்டிக்குள் கைவிட்டுக் கழுவிய காலம் போய், ஆர்.வி.ஜி. சென்சாரை வாயில் வைத்ததும் படம் லேப்டாப்பில் வருகிறது. பிரான்சில் பிரான்சிஸ் மூயான் எண்பதுகளில் உருவாக்கியது. இங்கே பரவ இருபது வருடத்துக்கு மேல் ஆனது, பரவிய பிறகு நிற்கவில்லை. நோயாளிக்குச் சொத்தையைத் திரையில் காட்டினால் ரூட் கேனாலுக்குச் சம்மதம் உடனே கிடைக்கிறது என்பதுதான் முக்கியக் காரணம், மருத்துவக் காரணங்களெல்லாம் அதற்கு அடுத்ததுதான். சென்சாரில் சாவது கேபிள்தான். சென்சாரை ஒட்டிய கழுத்துப் பகுதியில் கடிபட்டு, மடிபட்டு உள்கம்பி அறுந்துவிடும். ஆர்.வி.ஜி.யோடு, ரூட் கேனால் ஃபைலைச் சுழற்றும் எண்டோ மோட்டாரும் வந்தது. கையால் ஃபைல் போட்டு நான்கு தடவை வரச் சொன்ன ரூட் கேனால், நிக்கல் டைட்டானியம் ஃபைலும் சீன கார்ட்லெஸ் மோட்டாரும் வந்த பிறகு ஒன்றிரண்டு தடவையில் முடிகிறது. கமுதியிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு நான்கு நாள் கூலி போவதும் ஒரு நாள் கூலி போவதும் ஒன்றா? சின்ன ஊர்களில் பல்லைப் பிடுங்குவது குறைந்து காப்பாற்றுவது கூடியதற்கு விளம்பரத்தைவிட இந்த மோட்டார் அதிகம் செய்திருக்கிறது.

வாய்க்குள் விட்டுப் படம் பிடிக்கும் ஸ்கேனர் பற்றித்தான் இப்போது எல்லாக் கண்காட்சியிலும் பேச்சு. ஸ்விட்சர்லாந்தில் சூரிச் பல்கலைக்கழகத்தில் 1985-இலேயே வாயை ஸ்கேன் செய்து பக்கத்திலேயே பல் கடைந்து பொருத்திவிட்டார்கள். நம் பக்கம் அதன் உண்மையான பயன் லேபில்தான் தெரிகிறது. முன்பு அச்சு எடுத்து, டப்பாவில் போட்டு, ராத்திரி பஸ்ஸில் மதுரை லேபுக்கு அனுப்புவார்கள். வழியில் அச்சு சுருங்கும், டப்பா தொலையும். இப்போது கம்ப்யூட்டர் ஃபைலாகப் போகிறது, ஜிர்கோனியா பல்லாகத் திரும்பி வருகிறது. ஆனால் தினம் எட்டு நோயாளி பார்க்கிற கிளினிக் இந்த ஸ்கேனரைக் கடனுக்கு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படிக் கேட்டு வந்தவர்களிடம், லேபில் இருக்கும் ஸ்கேனரை வாரத்தில் ஒரு நாள் வாடகைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள் என்றேன். விற்க வந்தவன் சொல்லும் பேச்சா இது என்று சிரித்தார்கள். மாதத் தவணை கட்டாமல் போனவர் அடுத்து என்னிடம் பேரிங்கும் மாற்ற மாட்டார், அதுதான் என் கவலை.

வரியும் வாங்கும் நேரத்தை ஆட்டிவைக்கிறது. 2020-இல் இறக்குமதிக் கருவிகளுக்கு 5 சதவீதம் சுகாதார செஸ் வந்தது. 2025 செப்டம்பர் 3 அன்று, பல் மருத்துவக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறையும் என்று அறிவிப்பு வந்தது, நடைமுறை 22-ஆம் தேதியிலிருந்து. நடுவில் இருந்த நாட்களில் யாரும் பில் போடச் சொல்லவில்லை. பஞ்சு, கையுறை, எமர்ஜென்சி சாமான் தவிர கடை காலி. 22-க்குப் பிறகு தள்ளிப் போட்டதெல்லாம் சேர்ந்து வந்தது. அந்த மாதத்தைத் தனியே எடுத்து வரைபடம் போட்டால் பெரிய எழுச்சி மாதிரித் தெரியும். பேரிங் வரவில் அந்த மாதமும் முந்தைய மாதமும் ஒரே மாதிரிதான் இருந்தன. நோயாளி வரத்து மாறவில்லையே.

இப்போது புதிதாக ஒரு கேள்வி கிளம்பியிருக்கிறது. ஜிர்கோனியா பல் போடத் தொடங்கியவர்கள் எலக்ட்ரிக் ஹேண்ட்பீஸ் கேட்கிறார்கள். காற்றில் ஓடாமல் மோட்டாரில் ஓடுவது. மோட்டார் நிமிடத்துக்கு 40,000 சுற்று, சிவப்பு வளையம் போட்ட ஹேண்ட்பீஸ் அதை ஐந்து மடங்காக்கி 2,00,000 ஆக்கும். ஏரோட்டரைவிடச் சுற்று குறைவு, ஆனால் பல்லில் வைத்து அழுத்தினால் வேகம் விழாது. கீச்சுச் சத்தமும் இல்லை. ஓட்டிக் காட்டினால் எந்த டாக்டரும் ஆசைப்படுவார். உள்ளே பல்சக்கரங்கள், தலையில் தனி பேரிங், அவற்றைக் கோப்பதற்குத் தனி ஜிக். என் மேசையில் வைத்துப் பின்மூடியைச் சாவியால் திறந்து ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிக்கிற வேலையில்லை. பழுதானால் சென்னைக்கோ மும்பைக்கோ அனுப்பி, எஸ்டிமேட் வந்து, சரி சொல்லி, திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். இரண்டு கம்பெனிகளிடம் ஜிக்கும் ஸ்பேரும் மதுரையில் தருவீர்களா, எங்கள் பையனுக்கு டிரெய்னிங் தருவீர்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒருவர் டிரெய்னிங்குக்கு ஒப்புக்கொண்டார், ஸ்பேர் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னொருவர் முதலில் பத்து பீஸ் எடுங்கள், பிறகு பேசலாம் என்கிறார். ஸ்பேர் வந்து அலமாரியில் ஏறுகிற வரைக்கும், கேட்டு வரும் டாக்டர்களிடம் நல்ல ஏரோட்டராக இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.